செஞ்சிப் பள்ளி மாணவர் வாழ்வும் பாடவேளைக்கு அப்பாலான கல்வியும்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தேர்ச்சி விழுக்காட்டிலோ அரசுத் திட்டங்களின் பட்டியலிலோ நின்றுவிடுகின்றன. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி மாலையில் திரும்பும்வரை ஒரு மாணவர் பள்ளியில் என்ன செய்கிறார், பாடப்புத்தகத்துக்கு வெளியே எதைத் தொட்டுப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கிறது, அந்த நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்னும் கேள்விகள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. பெருநகரங்களை வைத்து இவற்றுக்கு விடை தேடினால் படம் திரிந்துவிடும். ஏனெனில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களில் பெரும்பகுதியினர் சிற்றூர்களிலும், அச்சிற்றூர்களுக்குச் சந்தையாகவும் பஸ் நிலையமாகவும் பள்ளிக்கூடமாகவும் விளங்கும் பேரூர்களிலுமே படிக்கின்றனர். விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி அத்தகைய பேரூர்களுள் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 27 ஆயிரம் பேர் வாழும் இப்பேரூராட்சியில், அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஆகியவற்றோடு தனியார் பள்ளிகளும் இயங்குகின்றன. இவை ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிச் சுற்றியுள்ள பல கிராமங்களின் பிள்ளைகளுக்கும் படிக்கும் இடமாகும்.

செஞ்சியின் இருப்பிடம் இக்கேள்விக்குத் தனிக் கனம் சேர்க்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுற்றளவில் எழுப்பப்பட்ட மதில்களைக் கொண்ட கோட்டை ஊரை ஒட்டியே நிற்கிறது. ஊரின் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஏதேனும் ஒரு குன்று கண்ணில் படும். இத்தனை செல்வத்தை அருகில் வைத்திருக்கும் ஊர் கல்வியில் பின்தங்கிய மாவட்டம் ஒன்றில் அமைந்துள்ளது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிக்கப்படுவதற்கு முன், 2011-இல் விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 72 விழுக்காடாகவும் மாநிலச் சராசரி 80 விழுக்காடாகவும் இருந்தன. பொதுத்தேர்வுத் தேர்ச்சிப் பட்டியலிலும் இம்மாவட்டம் பல ஆண்டுகள் கடைசி வரிசைகளிலேயே இருந்துவந்தது. அந்த இடத்திலிருந்து மேலே வரவேண்டும் என்ற நெருக்கடி ஆட்சியரிடமிருந்து கல்வி அலுவலருக்கும், அவரிடமிருந்து தலைமையாசிரியருக்கும், அவரிடமிருந்து வகுப்பாசிரியருக்கும் இறங்கி, இறுதியில் மாணவரின் மாலைப் பொழுதில் வந்து அமர்கிறது. இக்கட்டுரையில் ஆராயப்படுவது அந்த மாலைப் பொழுதைத்தான்.

இன்றைய வகுப்பறையின் சில பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் காண்பது பயன் தரும். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிவைத்த கணக்கெடுப்பின் முடிவில், 1826-இல், மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகப் பதிவானது. அவற்றுள் தமிழ்ப் பகுதியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள், அதாவது வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரே ஆசிரியர் எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் மணலில் எழுதவைத்து, எண்சுவடியும் நீதிநூலும் மனப்பாடம் செய்வித்த பள்ளிகள். அங்கே மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்குப் பாடம் சொல்லித்தருவான். எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் இம்முறையைக் கண்டு, தம் இல்லத்தில் நடைமுறைப்படுத்தி, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அதன்பின் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பலவற்றில் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பரவியது. செஞ்சிப் பள்ளி ஒன்றில் இன்று கரும்பலகையின் ஓரத்தில் வருகை எண்ணிக்கையை எழுதி, கணக்கு நோட்டுகளைத் திரட்டி, மெல்லக் கற்கும் நண்பனுக்கு வாய்ப்பாடு சொல்லித்தரும் வகுப்புத் தலைவர் அந்த மரபின் நேரடி வாரிசு. மாணவர் மாணவருக்குக் கற்பித்தல் என்பது இம்மண்ணிலிருந்தே உலகுக்குச் சென்ற கல்விமுறை என்பதை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

உயர்நிலைக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்பு, நீண்ட காலம் மாவட்டத் தலைநகரங்களின் தனியுரிமையாகவே இருந்தது. 1911-இல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. எனப்படும் பள்ளி இறுதிச் சான்றிதழ் முறை வந்ததும், ஜில்லா போர்டு நடத்திய உயர்நிலைப் பள்ளிகள் மெல்ல மெல்லத் தாலுகாத் தலைநகரங்களை எட்டின. காமராசர் ஆட்சியில் 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நிகழ்ந்த பள்ளி விரிவாக்கமும், 1956-இல் தொடங்கிய மதிய உணவும், நிலமற்ற கூலிக் குடும்பங்களின் பிள்ளைகளை முதன்முறையாகப் பெருந்திரளாகப் பள்ளிக்குக் கொண்டுவந்தன. 1978-இல் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளியோடு சேர்க்கப்பட்டு மேல்நிலைக் கல்வி என்னும் அமைப்பு உருவானபின், கல்லூரிக்குச் செல்வதற்கு முந்தைய கடைசி இரண்டு ஆண்டுகளையும் செஞ்சிப் பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே கழிக்க முடிந்தது. அதுவரை புகுமுக வகுப்புக்காகத் தம் பதினாறு வயதில் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ கடலூருக்கோ பிள்ளைகள் போகவேண்டியிருந்ததை நினைத்தால், பெண்கல்விக்கு இம்மாற்றம் எவ்வளவு பெரிய கதவைத் திறந்தது என்பது விளங்கும்.

இனி மாணவரின் நாளுக்கு வரலாம். செஞ்சிக்கு இன்னும் ரயில் இல்லை. திண்டிவனத்தையும் திருவண்ணாமலையையும் செஞ்சி வழியாக இணைக்கும் ரயில்பாதைத் திட்டம் பல ஆண்டுகளாக முடியாமலே கிடக்கிறது. எனவே ஆலம்பூண்டி, வளத்தி, அவலூர்பேட்டை, சத்தியமங்கலம், நல்லான்பிள்ளைபெற்றாள், அனந்தபுரம் ஆகிய ஊர்களின் பக்கத்திலிருந்து செஞ்சிக்குப் படிக்க வரும் பிள்ளைக்கு அரசுப் பேருந்தே கதி. அரசு வழங்கும் கட்டணமில்லாப் பயண அட்டையும், மேல்நிலை மாணவர்களுக்கான விலையில்லா மிதிவண்டியும், 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கிடைத்த இலவசப் பயணமும் சேர்ந்து, ‘பஸ்ஸுக்குக் காசு இல்லை’ என்பதற்காகப் படிப்பு நின்றுபோகும் நிலையைப் பெருமளவு மாற்றியுள்ளன. ஆயினும் பயணத்துக்கான செலவைக் குறைத்த அரசு பயணத்தின் நேரத்தை மாற்றவில்லை. காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒரு வண்டி என்று மட்டுமே ஓடும் வழித்தடத்தில் வசிக்கும் மாணவி, பள்ளி முடிந்ததும் கிளம்பும் வண்டியை விட்டுவிட்டால், ஷேர் ஆட்டோவுக்குக் காசு தேடவேண்டும் அல்லது இருட்டும்வரை நிலையத்தில் நிற்கவேண்டும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசைதோறும் திரளும் கூட்டம் செஞ்சி வழியாகவே செல்வதால், அன்று மாலை பள்ளிப் பிள்ளைகள் பேருந்துப் படியில் கால் வைப்பதே கடினம். அமாவாசையன்று மதியத்துக்குமேல் வகுப்பு வருகை மெலிவதற்கு இதைக் காரணமாகக் கொள்ளாமல் சோம்பலைக் காரணமாகக் கொள்வது நியாயமன்று.

பள்ளி நாளின் தொடக்கம் காலை வழிபாட்டுக் கூட்டம். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறளும் பொருளும், செய்தி வாசிப்பு, இன்றைய சிந்தனை என்று அது நடைபெறுகிறது. வீட்டில் பெரியவர் முன் வாய் திறந்து பேசப் பழகாத முதல் தலைமுறை மாணவர், அதாவது தம் குடும்பத்தில் முதன்முதலாக உயர்நிலைக் கல்வி பெறுபவர், ஒலிபெருக்கியின் முன் நின்று தம் குரலைத் தாமே கேட்கும் முதல் இடம் அதுதான். வகுப்புவாரியாகச் சுழற்சி முறையில் எல்லோருக்கும் முறை வைக்கும் பள்ளியும், நன்றாக வாசிக்கும் நான்கு பேரையே ஆண்டு முழுவதும் மேடையேற்றும் பள்ளியும் உண்டு. இந்தச் சிறிய வேறுபாடு ஒரு தலைமையாசிரியரின் கல்விப் பார்வையை ஆண்டறிக்கையைவிடத் தெளிவாகக் காட்டிவிடும்.

அதன்பின் வரும் பாடவேளைகள் காகிதத்தில் எல்லாவற்றுக்கும் இடம் அளிக்கின்றன. உடற்கல்வி, நூலகம், ஓவியம், நன்னெறி ஆகிய யாவும் கால அட்டவணையில் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும், மாணவர் வழக்கில் ‘பி.இ.டி. பீரியட்’ எனப்படும் விளையாட்டு வேளையைக் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ கேட்டு வாங்கிக்கொள்வது மாநிலம் முழுவதும் ஊறிப்போன வழக்கம். காலையிலும் மாலையிலும் நடக்கும் ஸ்பெஷல் கிளாஸ், வாராந்தரத் தேர்வு, திருப்புதல் தேர்வு, ‘மெல்லக் கற்போர்’ எனப் பிரிக்கப்பட்டவர்களுக்கான தனி வகுப்பு ஆகியவை எஞ்சிய நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆசிரியர்களைக் குற்றம் சொல்வது எளிது. ஆயின் தம் பாடத்தில் ஒருவர் தோற்றாலும் விளக்கக் கூட்டத்துக்கு அழைக்கப்படும் ஆசிரியருக்கு வேறு வழி என்ன இருக்கிறது என்பதையும் எண்ணவேண்டும். 35 மதிப்பெண் என்னும் கோட்டை எல்லோரும் தாண்டவேண்டும் என்பதே பள்ளியின் முதன்மைப் பணியாகிவிட்டால், அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் இருக்கும் மனிதர் மறைந்துபோவார்.

இந்நிலையை மாற்ற மேலிருந்து சில முயற்சிகள் நடந்துள்ளன. 2010-இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் இயற்றப்பட்டு, மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் ஆகிய நான்கு பாடத்திட்டங்களும் ஒன்றாக்கப்பட்டன. 2012-13 முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும், தேர்வு மட்டுமன்றிச் செயல்பாடுகளையும் மதிப்பிடும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையும் நடைமுறைக்கு வந்தன. 2017-இல் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. மேல்நிலைத் தேர்வின் மொத்த மதிப்பெண் 1,200-இலிருந்து 600 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் அதே 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதால், பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மாணவர் பொதுத்தேர்வின் நிழலிலேயே வாழ நேர்ந்தது. பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவிய தனியார் பள்ளிகளைக் கட்டுப்படுத்துவது அதன் நோக்கம். அதற்கான விலையைச் சிறுநகர அரசுப் பள்ளிகளின் மாணவர் கொடுத்தனர். 2025 ஆகஸ்ட் 8-இல் வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையோடு அத்தேர்வு கைவிடப்பட்டது வரவேற்கத்தக்கது. விடுபட்ட அந்த ஓராண்டை என்ன செய்யப்போகிறோம் என்பதே இப்போதைய கேள்வி.

பாடத்துக்கு வெளியே நடப்பவை கல்வியின் பகுதியா, ஓய்வா என்ற வாதம் புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, விளையாட்டு, சாரணியம், மன்றங்கள் ஆகியவற்றைப் பாடத்தின் பிரிக்கமுடியாத பகுதியாகவே கொள்ளவேண்டும் என்று பரிந்துரைத்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1993-இல் யஷ்பால் குழு புத்தகச் சுமையைவிடப் புரியாமையின் சுமையே கொடிது என்னும் கருத்தை முன்வைத்தது. ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பறையைத் துடைப்பது, மதிய உணவைப் பரிமாறுவது, வகுப்புக் கூட்டம் நடத்துவது ஆகிய யாவும் பாடத்திட்டத்திலேயே ஒரு துறையாக இடம்பெற்றுள்ளன. இலங்கையில் தமிழ்மொழித் தினப் போட்டிகள் பள்ளியில் தொடங்கிப் படிப்படியாகத் தேசிய நிலை வரை ஏறுகின்றன. பேச்சும் நாடகமும் இசையும் அங்குள்ள தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டு ஓட்டத்தில் நிலையான இடம் பெற்றவை.

தமிழ்நாட்டில் இதற்கு ஈடாக அண்மையில் எழுந்த முயற்சி, 2022-23 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்காக நடத்தப்படும் கலைத் திருவிழா. பேச்சு, ஓவியம், நடனம், இசைக்கருவி, நாடகம் எனப் பல பிரிவுகளில் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்னும் படிகளில் அது நிகழ்கிறது. செஞ்சிக்கு இது வெளியிலிருந்து வந்த கலையன்று. செஞ்சியை அடுத்த மேலச்சேரியின் திரௌபதியம்மன் வழிபாட்டை மையமாகக் கொண்டே அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் 1988-இல் தம் பெருநூலை எழுதினார். பங்குனி முதல் ஆடி வரை இவ்வட்டாரத்தின் பல ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் விடியவிடியத் தெருக்கூத்தும் நடக்கும். அடவு, பாட்டு, வசனம், முகவீணையின் ஓசை ஆகிய யாவும் இங்குள்ள பிள்ளைகள் பலருக்குப் பாட்டன் மடியிலிருந்தே கேட்டுப் பழகியவை. முகத்துக்கு அரிதாரம் பூசி, தோளில் கட்டையாலான புஜகீர்த்தி கட்டி, நெஞ்சில் மார்புப் பதக்கம் அணிந்து, தலையில் கிரீடம் ஏற்றியபின், திரைக்குப் பின்னாலிருந்தே பாடித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் கூத்துக் கலைஞரை அருகிலிருந்து பார்த்த பிள்ளைக்குத் தமிழ்ப் பாடத்தில் வரும் நாடகத் தமிழ் என்ற பகுதி வெறும் ஐந்து மதிப்பெண் வினாவாக நின்றுவிடாது. அவ்வறிவுக்கு வகுப்பறையில் மதிப்பு உண்டு என்று ஆசிரியர் ஒருமுறை சொல்லிவிட்டால், கூத்தாடுவதை இழிவாகக் கருதும் பழைய மனப்பான்மையும் சேர்ந்தே உடையும்.

மன்றங்களைப் பொறுத்தவரை, பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. தமிழ் இலக்கிய மன்றம், கணித மன்றம், தேசிய பசுமைப் படை, இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவை பல பள்ளிகளில் உள்ளன. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு அறிவியலையும் கணிதத்தையும் கைப்பழக்கமாகக் கற்பிக்கும் வானவில் மன்றம் 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. இவற்றுள் உயிரோடு இயங்குபவை எவை என்பது ஒவ்வொரு பள்ளியிலும் ஓரிரு ஆசிரியரின் தனி ஆர்வத்தையே சார்ந்துள்ளது. அவர் மாறுதலாகிப் போனால் மன்றமும் போய்விடுகிறது.

ஆய்வகமும் இவ்வாறே. மேல்நிலை அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 எனப் பிரிக்கப்பட்ட மதிப்பெண்ணில் செய்முறையின் பங்கு எளிதில் கிடைப்பது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டதால், வேதியியல் ஆய்வகத்தின் கதவு பல இடங்களில் தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அகலத் திறக்கிறது. பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் கரைசல், கூம்புக் குடுவையில் சுழலும் நீர், ஒரே ஒரு சொட்டில் நிறமற்றது வெளிர் சிவப்பாக மாறி நிலைக்கும் கணம் ஆகியவற்றைத் தம் கையால் ஆண்டு முழுவதும் பலமுறை செய்து பார்த்தவருக்கும், மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவீடுகளைப் படியெடுத்தவருக்கும் சான்றிதழில் வேறுபாடு தெரியாது. கல்லூரியின் முதலாண்டில் அது தெரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் நடுவில், மாநிலத்தின் வேறெந்தப் பள்ளிக்கும் எளிதில் கிட்டாத ஒரு கற்றல் வெளி செஞ்சிப் பள்ளிகளின் வாசலிலேயே கிடக்கிறது. 1921-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலை 11-இல், மராத்தியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்னும் தொகுதியில் மகாராட்டிரத்தின் 11 கோட்டைகளோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. அப்பெருமை ஊரின் வரவேற்பு வளைவோடு நின்றுவிடக் கூடாது. 1677-இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றியதும், அவர் மகன் ராஜாராம் இங்கிருந்தே ஆட்சி நடத்த, முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டதும், 1750-இல் பிரெஞ்சுக்காரரிடமும் 1761-இல் ஆங்கிலேயரிடமும் கோட்டை கைமாறியதும் சமூக அறிவியல் புத்தகத்தின் பல பக்கங்களில் சிதறிக் கிடக்கும் செய்திகள். அவை யாவும் ஒன்றுசேர்ந்து நிற்கும் இடம் இது. 1714-இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு இருபத்திரண்டு வயதில் மாண்ட தேசிங்கு ராஜனின் கதைப்பாடலை ஊர்ப் பிள்ளைகள் அறிவார்கள். அப்பாடலுக்கும் ஆவணத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்ப்பதைவிடச் சிறந்த வரலாற்றுப் பயிற்சி பள்ளி மாணவருக்கு வேறு இல்லை. 1943-இல் சி.எஸ். சீனிவாசாச்சாரி எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாறு ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும், தமிழில், மாணவர் படிக்கும் வடிவில் இருந்திருக்கவேண்டும்.

வரலாறு மட்டுமன்று. கோட்டைக்குள் உள்ள கல்யாண மகாலின் மேல் தளங்கள் வரை சுடுமண் குழாய் வழியே நீர் கொண்டுசெல்லப்பட்டது என்று சொல்லப்படுவதை, நீர் அழுத்தம் பற்றிய இயற்பியல் பாடத்தைக் கொண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர் சோதித்துப் பார்க்கலாம். கோட்டைக் களஞ்சியத்தின் கன அளவைக் கணக்கிட்டு அதில் எத்தனை மூட்டை நெல் அடங்கும் என்பதைக் கண்டு, செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு அறுவடைக் காலத்தில் வந்து குவியும் மூட்டைகளோடு ஒப்பிடலாம். பெற்றோர் நெல்லோடு வரிசையில் காத்திருக்கும் இடம் அது என்பதால், அந்தக் கணக்கு பிள்ளைகளுக்கு வெறும் எண்ணாக இராது. ராஜகிரியின் உச்சிக்கு முன் உள்ள ஆழமான பிளவையும் அதன்மேல் அமைந்த பாலத்தையும் பார்த்தபின் முக்கோணவியலில் ஏற்றக் கோணம் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்களும், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரிகரைக் குறிக்கும் பழமையான வட்டெழுத்துக் கல்வெட்டும் உள்ளன. விழுப்புரம் செல்லும் வழியில் மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றிக் குடைவித்ததாக மகேந்திரவர்மப் பல்லவன் பொறித்த குடைவரை இருக்கிறது. தமிழ்நாட்டு எழுத்துமுறைகளின் வளர்ச்சி என்னும் பாடத்துக்கு இவற்றைவிடப் பெரிய கரும்பலகை கிடைக்காது. இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயது வரை நுழைவுக் கட்டணமும் இல்லை.

இது நடக்கக்கூடியதா என்ற ஐயத்துக்கு இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் விடையளிக்கிறது. அங்கு மாணவர்கள் பழைய எழுத்துகளை வாசிக்கவும் கல்வெட்டுகளைப் படியெடுக்கவும் கற்று, தங்கள் ஊர்ப்புறத்துப் பானை ஓடுகளையும் கல்வெட்டுகளையும் அடையாளம் கண்டு அறிவித்துள்ளனர். செஞ்சியில் இடம் இருக்கிறது, பொருள் இருக்கிறது; ஒதுக்கப்பட்ட நேரமும் அதற்குப் பொறுப்பான ஆசிரியரும்தான் தேவை.

சேர்ந்து செய்யும் செயல்பாட்டுக்கு அறிவு சாராத, ஆனால் அதைவிட அவசரமான பயன் ஒன்றும் உண்டு. வட மாவட்டக் கிராமங்கள் பல இன்றும் ஊர், காலனி எனப் பிரிந்தே வாழ்கின்றன; கோயில், குளம், சுடுகாடு ஆகிய யாவும் பிரிந்தவை. இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் எட்டு மணி நேரம் இருக்கும் ஒரே இடம் பள்ளி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு, 2024-இல் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது, மாணவர்களை அகரவரிசையில் அமரவைப்பது முதலியவற்றைப் பரிந்துரைத்தது. அவை தேவையானவை. ஆயினும் பக்கத்தில் அமர்த்துவது ஒரு படி. ஒருவர் மூச்சுவிடாமல் பாடிச் செல்ல, மற்றவர் கைகோத்து அணைகட்டி நிற்கும் கபடிக் களத்தில் ஒரே அணியாக வியர்ப்பது அடுத்த படி. குறுவட்டப் போட்டிகள், பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள், குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் ஆகியவற்றுக்கான பயிற்சியைத் தேர்வுக்காக வெட்டும்போது, கூடி வாழும் பழக்கத்தையும் சேர்த்தே வெட்டுகிறோம் என்பதைக் கல்வித் துறை உணரவேண்டும்.

ஊருக்கும் காலனிக்கும் வெளியே, ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வாழும் இருளர் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு செல்வதால் ஆண்டின் பல மாதங்கள் அவர்களுக்குப் பள்ளி இல்லை. திரும்பி வந்து படித்து மேல்நிலையை எட்டினாலும், கோட்டாட்சியர் வழங்கவேண்டிய பழங்குடிச் சாதிச் சான்று கிடைப்பதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடுவதுண்டு. திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகள் போராடிவருவது இதற்காகவே. பெருந்தொற்றுக் கால இழப்பை ஈடுசெய்ய ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபர் 27-இல் இதே மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது. வீட்டுக்கே சென்று கற்பிக்கும் அந்த எண்ணம், வீடே இடம்பெயரும் பிள்ளைகளுக்கு இன்னும் முழுமையாகப் போய்ச் சேரவேண்டியுள்ளது.

உணவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு இரண்டாண்டுகளில் பத்தாம் வகுப்பு வரை எட்டியது. வாரத்தில் ஐந்து நாள் முட்டையும் கிடைக்கிறது. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் கால் வைத்ததும் அது நின்றுவிடுகிறது. விடியற்காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, மாலை ஸ்பெஷல் கிளாஸ் வரை இருக்கவேண்டிய பதினாறு வயதுப் பிள்ளைக்குத்தான் பசி அதிகம். உயர்கல்விக்குச் செல்லும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் அரசுக்கு, இடையிலுள்ள இந்த இரண்டு ஆண்டுகளின் மதியச் சோறு பெரும் சுமையாக இருக்க முடியாது.

மேற்கண்ட யாவும் நேரத்தில் வந்து முட்டுகின்றன. மன்றமும் கூத்தும் கபடியும் களப்பயணமும் ‘பள்ளி முடிந்தபின்’ என்று வைக்கப்படும்வரை, ஊருக்குள் வீடு உள்ளவர்களும் தந்தையின் வண்டியில் திரும்பக்கூடியவர்களும் மட்டுமே அவற்றில் பங்கேற்பர். வளத்தியிலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் வருபவர்கள், அவர்களிலும் குறிப்பாகப் பெண்பிள்ளைகள், முதல் வாரம் வந்துவிட்டு இரண்டாம் வாரம் நின்றுவிடுவர். ஆகவே இவற்றைப் பள்ளி நேரத்துக்குள், வாரத்தில் ஒரு நாள் பிற்பகலின் இரண்டு பாடவேளைகளாக, வேறு ஆசிரியர் எடுத்துக்கொள்ள இயலாதவாறு அட்டவணையில் பூட்டிவைப்பதே முதல் வேலை. பதினோராம் வகுப்பின் பொதுத்தேர்வு நீங்கிய இந்நாளில் அவ்வகுப்பிலிருந்தே இதைத் தொடங்கலாம்; ஆண்டு முழுவதும் கோட்டையின் ஒரு பகுதியை, ஒரு ஏரியை, ஒரு கூத்துக் குழுவை, ஒரு சந்தையை எடுத்துக்கொண்டு, நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாக ஆராய்ந்து எழுதும் அறிக்கைக்கே அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணையும் வழங்கலாம். விளையாட்டுப் பயிற்சி மாலையில்தான் நடக்கவேண்டும் என்றால், பயிற்சி நாட்களில் மட்டும் கடைசி மாணவர் வண்டியை ஒரு மணி நேரம் தள்ளிக் கிளப்புமாறு பள்ளி மேலாண்மைக் குழு போக்குவரத்துக் கழகப் பணிமனையில் எழுத்துமூலம் கேட்கவேண்டும். 2022-இல் மாநிலம் முழுவதும் மறுகட்டமைக்கப்பட்ட அக்குழுவில் பெற்றோரே பெரும்பான்மை என்பதால், அந்தக் கோரிக்கையில் கையெழுத்திடுபவர்களும் அந்தப் பேருந்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் தாய்மார்களாகவே இருப்பார்கள்.